துயரை மறைக்காத குழந்தை நூல்கள்

(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளிவிழாவில் உயர்கல்வி பற்றியும் உதவித்தொகை பற்றியும் வேலைவாய்ப்பு பற்றியும் அறிஞர் பலர் பேசினர். நமக்கு அளிக்கப்பட்ட பொருள் ‘போரும் நோயும் நம்பிக்கையும் பேசும் குழந்தை நூல்கள்’ என்பதாகும். கட்டணம் கட்டுவதற்கே வழி தேடும் நமக்குக் கதைப்புத்தகம் ஒரு பொருளா என்று சிலர் எண்ணலாம். அதிலும் போரையும் நோயையும் பற்றிய கதை பிள்ளைகளுக்கு எதற்கு என்று வேறு சிலர் எண்ணலாம். இவ்விரண்டு ஐயங்களும் நியாயமானவையே. அவற்றுக்கு நம்மால் இயன்ற விடையைக் கூறவே இங்கு நிற்கின்றோம்.

போரும் நோயும் நமக்குத் தொலைவில் இல்லை

போர் என்றால் எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்று நாம் நினைக்கின்றோம். நம் காட்டூரிலிருந்து தஞ்சைச் சாலையில் கிழக்கே திருவெறும்பூர் சென்று, அங்கிருந்து நவல்பட்டுப் பக்கம் திரும்பினால் துப்பாக்கித் தொழிற்சாலை நிற்கின்றது. 1966ஆம் ஆண்டு முதல் அங்கு இராணுவத்துக்குரிய துப்பாக்கிகள் செய்யப்படுகின்றன. நம் பகுதிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதனால் சோறு கிடைத்திருக்கின்றது. அதனை நாம் குறைகூற வரவில்லை. ஆனால் துப்பாக்கி என்ற சொல்லை நம் குழந்தைகள் ஊர்ப்பெயரைப்போலக் கேட்டு வளர்கின்றனர் என்பது கருதத்தக்கது.

அதே சாலையில் இன்னும் சில கல் சென்றால் வாழவந்தான்கோட்டையில் இலங்கைத் தமிழர் முகாம் உள்ளது. விமான நிலையத்தருகே கொட்டப்பட்டில் மற்றொன்று உள்ளது. 1983ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பின் கடல் கடந்து வந்தவர்களின் பேரக்குழந்தைகள் இன்று திருச்சிப் பள்ளிகளில் படிக்கின்றனர். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு அம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றியது. பெயர் மாறியது நன்று. ஆயினும் தாத்தா ஏன் ஊரை விட்டு வந்தார் என்று கேட்கும் பேரனுக்கு விடை சொல்ல ஒரு நூல் வேண்டும் அன்றோ? அவர்கள் விட்டு வந்த யாழ்ப்பாணத்தில் 1981ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி ஜூன் 1 வரை பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. போர் மனிதரை மட்டும் அழிப்பதில்லை. மனிதர் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வைத்திருந்ததையும் சேர்த்து அழிக்கின்றது.

நோயைப் பற்றிச் சொல்லவே வேண்டுவதில்லை. அரியமங்கலத்துக் குப்பைக் கிடங்கு தீப்பற்றிய நாட்களில் புகைக்கு அஞ்சிக் கதவடைத்துக் கிடந்தவர்கள் நாம். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்று வந்தபோது வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் வாய்ப்பு நம்மில் எத்தனை பேருக்கு இருந்தது? ஊரே அடங்கிக் கிடந்தபோதும் தெருவைக் கூட்டியவரும் மருத்துவமனையைக் கழுவியவரும் பிணத்தைத் தூக்கியவரும் யார்? அதை அவ்வீட்டுக் குழந்தைகள் கண்டார்கள். அவர்கள் கண்டதைப் பற்றி அவர்களோடு பேசியவர் மிகச் சிலரே.

ஒரு சிறுவனின் கேள்வி

பெருந்தொற்று ஓய்ந்து நம் மாலை வகுப்பை மீண்டும் தொடங்கியபோது நடந்த ஒன்றைக் கூறுகின்றோம். வகுப்புக்கு வந்த சிறுவன் ஒருவன் யாரோடும் பேசுவதில்லை. இரண்டாம் அலையில் அவன் தந்தை இறந்திருந்தார். அவன் எதிரில் அப்பேச்சை எடுக்கக் கூடாது என்று வீட்டார் முடிவு செய்திருந்தனர். அவனுக்கு நல்லது என்று எண்ணியே அவ்வாறு செய்தனர்.

அந்நாட்களில் வகுப்பில் ‘டோட்டோ-சான்’ என்ற ஜப்பானிய நூலின் தமிழாக்கத்தை உரக்கப் படித்து வந்தோம். டெட்சுகோ குரோயானாகி என்ற அம்மையார் தம் இளமைப் பள்ளியைப் பற்றி எழுதி 1981ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அது. நேஷனல் புக் டிரஸ்ட் அதனைத் தமிழில் வெளியிட்டுள்ளது. பழைய இரயில் பெட்டிகளை வகுப்பறையாகக் கொண்ட அப்பள்ளியில் யாசுவாகி என்ற சிறுவன் படிக்கின்றான். இளம்பிள்ளைவாதத்தால் கைகால் சூம்பியவன். அவன் மரமேறியதே இல்லை. சிறுமி டோட்டோ-சான் அவனைத் தன் மரத்துக்கு அழைக்கின்றாள். ஏணி கொண்டு வருகின்றாள், அது ஆடுகின்றது. பிறகு வேறோர் ஏணியை இழுத்து வருகின்றாள். தன் வலுவெல்லாம் கூட்டி அவனை மேலே இழுத்து விடுகின்றாள். வாழ்வில் முதன்முறையாக அவன் ஒரு கிளையில் அமர்ந்து உலகைப் பார்க்கின்றான்.

பின்னர் அவன் இறந்து போகின்றான். நூல் அதை மறைக்கவில்லை. இறப்பதற்கு முன் அவன் டோட்டோ-சானுக்குப் படிக்கக் கொடுத்த நூல், அமெரிக்க அடிமை மக்களின் துயரைச் சொல்லும் ‘டாம் மாமாவின் குடிசை’. அதனை அவளால் திருப்பித் தர முடியாமற் போகின்றது.

அப்பகுதியைப் படித்து முடித்தபோது, அதுவரை வாய் திறவாத அச்சிறுவன் கேட்டான்: “அந்தப் புத்தகத்தை அவள் என்ன செய்தாள்?” நமக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. சிறிது நேரம் கழித்து அவனே சொன்னான்: “எங்க அப்பா சைக்கிள் வீட்டில் அப்படியே இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.”

அன்று அவன் அழுதான். மறுநாள் வகுப்புக்கு வந்தான். சில நாட்களில் அந்த மிதிவண்டியை ஓட்டிக்கொண்டே வந்தான். நூல் அவன் துயரைத் தீர்த்துவிட்டது என்று நாம் கூறமாட்டோம். அத்துயரைச் சொல்ல அவனுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. நாம் அனைவரும் நல்லெண்ணத்தால் மூடி வைத்திருந்த வாயில் அது.

நம்பிக்கை என்பது யாது?

இவ்வகை நூல்களில் உலகம் அறிந்த மற்றொன்று சடாகோ என்ற சிறுமியின் வரலாறு. 1945 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஹிரோஷிமா நகரில் அணுகுண்டு வீழ்ந்தபோது சடாகோ சசாகிக்கு இரண்டு வயது. அன்று அவள் உயிர் தப்பினாள். ஓட்டப்பந்தயத்தில் முதல்வியாக வளர்ந்தாள். ஆனால் குண்டின் கதிர்வீச்சு பல்லாண்டுகள் கழித்து இரத்தப் புற்றுநோயாக வெளிப்பட்டது. 1955 பிப்ரவரியில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள். காகிதத்தில் ஆயிரம் கொக்குகள் மடித்தால் நினைத்தது கைகூடும் என்பது ஜப்பானியர் நம்பிக்கை. அவள் மருந்து சுற்றிவந்த தாள்களைக் கூட விடாமல் மடித்தாள். 1955 அக்டோபர் 25ஆம் நாள், பன்னிரண்டு வயதில், இறந்தாள்.

1977ஆம் ஆண்டில் எலினார் கோயர் என்ற அம்மையார் இதனைக் குழந்தை நூலாக எழுதினார். அந்நூலில் சடாகோ 644 கொக்குகளோடு இறந்து விடுகின்றாள். எஞ்சியவற்றைத் தோழர்கள் மடித்து ஆயிரமாக்குகின்றனர். உள்ளத்தை உருக்கும் முடிவுதான். ஆனால் அவள் குடும்பத்தார் கூறும் உண்மை வேறு. அவள் ஆயிரத்தை முடித்தே விட்டாள். நோய் தீரவில்லை. அதன் பிறகும் மடிப்பதை அவள் நிறுத்தவில்லை.

இளைஞர்களே, இவ்விரண்டில் எது பெரிய நம்பிக்கை என்று எண்ணிப் பாருங்கள். ஆயிரம் முடியாததால் பலன் கிட்டவில்லை என்று ஆறுதல் கொள்ளலாம். ஆயிரம் முடிந்தும் பலன் கிட்டாதபோது, அடுத்த தாளைக் கையில் எடுப்பதற்கு வேறொரு நெஞ்சுரம் வேண்டும். விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக எழுதிய நம் முன்னோர்க்கு அவ்வுரம் இருந்தது. அதனால் நாம் இங்கு அமர்ந்திருக்கின்றோம்.

சடாகோவின் பள்ளித் தோழர்கள் அவள் இறந்த பின் வாளாவிருக்கவில்லை. பொருள் திரட்டினர். 1958 மே 5ஆம் நாள் ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் குழந்தைகளின் அமைதிச் சின்னம் திறக்கப்பட்டது. இன்றும் பல நாட்டுக் குழந்தைகள் அங்குக் காகிதக் கொக்குகளை அனுப்புகின்றனர்.

ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியையும் இங்கு நினைக்க வேண்டும். 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு கட்டடத்தின் மறைவான பகுதியில் எட்டுப் பேர் ஒளிந்து வாழ்ந்தனர். பிறப்பைக் காரணம் காட்டி ஓர் இனத்தையே ஒதுக்கி அழிக்கப் புறப்பட்ட ஆட்சிக்கு அஞ்சிய வாழ்வு அது. அங்கு அவள் நாட்குறிப்பு எழுதினாள். பிடிபட்டு, 1945ஆம் ஆண்டில் முகாமில் நச்சுக் காய்ச்சலால் இறந்தாள். போர் அடைத்து வைத்தது. நோய் கொண்டு சென்றது. பதினைந்து வயதில் அவள் விட்டுச் சென்ற குறிப்பு 1947ஆம் ஆண்டில் அச்சேறியது. பிறப்பால் ஒதுக்கப்படுதல் என்றால் என்ன என்பதை நம் பிள்ளைகளுக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை. ஆகவே அந்நாட்குறிப்பைப் பிறரைவிட அவர்கள் விரைந்து உணர்ந்துகொள்வர்.

இம்மூவரிடமும் ஒன்றைக் காண்கின்றோம். ஒருத்தி ஏணியை இழுத்தாள், ஒருத்தி தாளை மடித்தாள், ஒருத்தி எழுதினாள். எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியவர் சொல்லும் ஆறுதல் மொழியை இந்நூல்கள் நம்பிக்கை என்று கூறவில்லை. அக்குழந்தை தன் கையால் செய்யக்கூடிய ஒரு வேலையையே நம்பிக்கையாகக் காட்டுகின்றன.

நூல்களைக் கொண்டு தொடங்கிய ஒரு பெண்மணி

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனி இடிபாடாகக் கிடந்தது. ஹிட்லர் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறியிருந்த யூதப் பெண்மணி ஜெல்லா லெப்மன் 1945ஆம் ஆண்டில் அங்குத் திரும்பினார். பெண்கள், குழந்தைகள் நலன் பற்றிக் கருத்துரைக்குமாறு அமெரிக்க இராணுவத்தார் அவரை அமர்த்தியிருந்தனர். சோறும் துணியும் இல்லாத நாட்டில் அவர் கேட்டது குழந்தை நூல்கள். இருபது நாடுகளுக்குக் கடிதம் எழுதினார். இருமுறை ஜெர்மானியப் படையெடுப்புக்கு ஆளான பெல்ஜியம் முதலில் மறுத்தது. அவர் மீண்டும் எழுதினார். பெல்ஜியமும் நூல்களை அனுப்பியது. 1946ஆம் ஆண்டில் மியூனிக் நகரில், ஹிட்லர் தன் பெருமைக்கெனக் கட்டிய கலை மாளிகையிலேயே, உலகக் குழந்தை நூல்களின் கண்காட்சி நடந்தது. சண்டையிட மறுத்து மலர்களை முகர்ந்து அமர்ந்திருக்கும் காளையைப் பற்றிய ‘பெர்டினாண்ட்’ கதையை அவரே மொழிபெயர்த்து, செய்தித்தாள் காகிதத்தில் 30,000 படிகள் அச்சிட்டுக் குழந்தைகளுக்கு வழங்கினார். 1949ஆம் ஆண்டில் மியூனிக்கில் பன்னாட்டு இளைஞர் நூலகம் பிறந்தது.

இதில் நமக்கொரு பாடம் உள்ளது. செல்வம் சேர்ந்த பிறகு நூலகம் அமைக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. நம் காவிரி மண்ணிலும் அத்தகையோர் இருந்தனர். 1931ஆம் ஆண்டிலேயே மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்பார் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். நூலகத் தந்தை எஸ்.ஆர். அரங்கநாதன் அதனைத் தொடங்கி வைத்தார். வண்டி வந்த வரலாற்றைப் போற்றுவோம். அவ்வண்டி எந்தத் தெரு வரை வந்திருக்கும் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

நம் கதை எங்கே?

நாம் சிறுவராயிருந்தபோது படித்த கதைகளில் அரசன் இருந்தான், மந்திரி இருந்தான், இளவரசி இருந்தாள். அரசனுடைய குதிரைக்குக் கூடப் பெயர் இருந்தது. குதிரை இலாயத்தைக் கூட்டியவருக்குப் பெயர் இல்லை. நம் தெருவோ, நம் பாட்டியோ, நம் வீட்டுப் பறையோ எந்தப் பக்கத்திலும் இல்லை. நூல் என்பது பிறருடைய வீடு, நாம் வாசலில் நின்று பார்க்கலாம் என்றே எண்ணி வளர்ந்தோம்.

இத்தனைக்கும் குழந்தைகளுக்கு எழுதுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. பெருந்தலைவர் எம்.சி. இராசா பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். குழந்தைப் பாடல்களில் உழைத்தவர். அண்ணல் அம்பேத்கர் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற சிறு நூலில் தம் இளமையை எழுதி வைத்தார். பள்ளியில் தாகம் எடுத்தாலும் குழாயைத் தொட முடியாமல், பியூன் வந்து திறக்கும் வரை காத்திருந்த சிறுவனை அதில் காண்கின்றோம். அதே நூலில் 1929ஆம் ஆண்டு ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த ஒரு கடிதத்தையும் அவர் எடுத்துக் காட்டுகின்றார். கத்தியவாரில் ஒரு தாழ்த்தப்பட்ட ஆசிரியரின் மனைவி மகப்பேற்றுக்குப் பின் நோயுற்றார். மருத்துவர் அவரைத் தொடவில்லை. வெப்பமானியைக் கூட வேறொருவர் கையில் கொடுத்து, கணவர் வழியாக வைக்கச் செய்தார். அப்பெண் இறந்தார். பிறந்து சில நாட்களே ஆன குழந்தை எஞ்சியது. நோயைப் பற்றிய நூல்களுள் இதனினும் உண்மையானது எது?

2011ஆம் ஆண்டில் அண்ணலின் வரலாறு ‘பீமாயணம்’ என்ற சித்திர நூலாக வந்தது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற கோண்டு ஓவியர்கள் வரைந்த நூல் அது. ஐதராபாத்தில் அன்வேஷி என்ற ஆய்வு நிறுவனம் 2008ஆம் ஆண்டில் ஒடுக்கப்பட்டோர் வாழ்விலிருந்து குழந்தைக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. தெலுங்கு எழுத்தாளர் கோகு சியாமளா போன்றோர் அதில் எழுதினர். வழி திறந்திருக்கின்றது.

ஆனால் ஒன்று கேட்கின்றோம். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் ஆவர். கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள் அவை. ஹிரோஷிமாக் குழந்தைக்காகக் கண்ணீர் விடும் நம் பிள்ளை, வெண்மணிக் குழந்தையின் கதையை எந்த வயதில், எந்த நூலில், யார் மடியில் இருந்து படிக்கப் போகின்றது?

தாய்மார் கேட்பது நமக்குத் தெரியும். “நாங்கள் பட்டது போதாதா? பிள்ளைகளாவது சிரித்துக் கொண்டிருக்கட்டுமே.” இச்சொல்லில் உள்ள அன்பை நாம் வணங்குகின்றோம். ஆனால் நாம் சொல்லாவிட்டால் பிள்ளை அறியாமலா இருக்கும்? பள்ளியில் ஒருவன் சாதி கேட்கும் நாளில், தேநீர்க் கடையில் ஒரு பார்வை மாறும் நாளில் அது அறிந்து கொள்ளும். அன்று அது தனியாக நிற்கும். முன்னமே நாம் சொல்லியிருந்தால் அதன் பக்கத்தில் நாமும் நிற்போம். வேறுபாடு இவ்வளவே.

நல்ல நூலுக்கு மூன்று அடையாளங்கள்

எல்லாக் கொடுமையையும் எல்லா வயதிலும் கொட்டுவது நம் கருத்தன்று. நூலைத் தேர்ந்தெடுக்க மூன்று அடையாளங்களைக் கூறுகின்றோம்.

முதலாவது, அந்நூல் பொய் சொல்லக் கூடாது. இறந்தவர் எழுந்து வந்தார் என்று முடிக்கக் கூடாது.

இரண்டாவது, அது குழந்தையைத் துயரத்தில் தனியே விட்டுவிடக் கூடாது. ஒரு தோழியோ, பாட்டியோ, ஆசிரியரோ அதன் கையைப் பற்றியிருக்க வேண்டும்.

மூன்றாவது, குழந்தை செய்வதற்கு அதில் ஏதேனும் இருக்க வேண்டும்.

வெறும் ஆறுதலுக்காக நம்பிக்கையைப் பேசவில்லை. இளம்பிள்ளைவாதம் யாசுவாகியின் கால்களை முடக்கியது. அந்நோய் இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்துக் குழந்தை ஒன்றிடம் காணப்பட்டது. 2014ஆம் ஆண்டில் நம் நாடு அந்நோய் நீங்கிய நாடென அறிவிக்கப்பட்டது. பெரியம்மை அதற்கு முன்னரே ஒழிந்தது. மனிதர் முயன்றால் நோய் ஒழியும். சாதியும் ஒரு நோய்தான் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது அது பொய்யாகாது.

செய்ய வேண்டுவன

நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகப் பாடநூல் வாங்கிக் கொடுத்தது, கட்டணம் கட்டியது. இனிச் செய்ய வேண்டுவன மூன்று.

சங்கக் கட்டடத்தில் குழந்தைகள் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நூல் அலமாரி வைப்போம். பூட்டு வேண்டா. கிழிந்தால் ஒட்டுவோம்; தொலைந்தால் யாரோ படிக்கின்றார் என்று மகிழ்வோம்.

வாரத்தில் ஒரு மாலை, கல்லூரியில் படிக்கும் இளைஞர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத தாய்மாரும் வந்து அமரட்டும். வாழவந்தான்கோட்டை முகாம் பிள்ளைகளையும் அழைப்போம். அவர்கள் கதையை நாம் கேட்போம். நம் கதையை அவர்கள் கேட்கட்டும்.

மூன்றாவதே தலையாயது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றைப் பற்றி உலகக் குழந்தைகளுக்கென ஒரு கதைநூல் எழுதப்பட்டபோது, 1,700க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெற்றோர், ஆசிரியர் ஆகியோரிடம் முதலில் கேட்டறிந்தே எழுதினர். அவ்வழியை நாமும் மேற்கொள்வோம். நம் பாட்டிமாரிடம் கேட்டு, நம் பிள்ளைகளே எழுதட்டும். அவர்களே படம் வரையட்டும். அம்மை வந்த ஆண்டு, தண்ணீர் மறுக்கப்பட்ட கிணறு, முதன்முதலில் பள்ளிக்குப் போன அத்தை ஆகிய யாவும் எழுதப்படட்டும். படி எடுத்துத் தைத்தால் அதுவும் நூலே.

டோட்டோ-சான் படித்த பள்ளி 1945ஆம் ஆண்டில் விமானத் தாக்குதலில் எரிந்தது. அது எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்ற தலைமையாசிரியர் கோபயாஷி, அடுத்து எத்தகைய பள்ளியைக் கட்டலாம் என்று தம் மகனிடம் கேட்டாராம். அப்பள்ளியை அவரால் மீண்டும் கட்டி முடிக்க இயலவில்லை. ஆனால் அங்குப் படித்த ஒரு சிறுமி அதனை நூலாக எழுதினாள். அந்நூல் காட்டூர் வரை வந்து, ஒரு வீட்டில் தொடுவாரற்று நின்ற மிதிவண்டியைத் தெருவில் ஓட வைத்தது.

தந்தையின் மிதிவண்டியை ஓட்டிவந்த அப்பிள்ளை இன்று இந்த அரங்கில்தான் இருக்கின்றான். அலமாரிக்கு முதல் நூலை அவன் கையால் வைக்கச் செய்யுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.